மூன்றை ஒன்றென எண்ணிய கதை

மூன்று எண்களைக் கொடுத்தால் மூன்று என்று விடை சொல்லவேண்டிய ஒரு வரி, ஒன்று என்று சொன்னது. ஐந்தைக் கொடுத்தாலும் ஒன்று. ஒன்றைக் கொடுத்தபோது மட்டும் சரியாக ஒன்று. 2011-ஆம் ஆண்டில் நாங்கள் மூவர் பொறுப்பேற்றிருந்த ஒரு மென்பொருளில் இது நிகழ்ந்தது. அதனால் நான்கு மாதக் கணக்கு இல்லாமற் போயிற்று. ஓர் இளைஞரின் பெயரும் கெட்டது. கணக்கு இனித் திரும்பாது. பெயரைப் பொறுத்தவரை எங்களால் ஆகக்கூடியது ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்ற எண்ணத்தில்தான் இதை எழுதத் துணிந்தோம். நிரல் எழுதிப் பழக்கமில்லாத வாசகர்கள் சற்றே பொறுமை காக்கவேண்டும். அடைப்புக்குறியும் காற்புள்ளியும் தெரிந்தவர்களுக்கு இதில் விளங்காதது ஏதுமில்லை.

சி மொழியில் மேக்ரோ என்பது ஒருவகைச் சுருக்கெழுத்து. வர்க்கம்(அ) என்று எங்கே வந்தாலும் அங்கே அ * அ என்று எழுதிக்கொள் என ஒருமுறை சொல்லி வைத்துவிடலாம். கம்பைலர் நிரலைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே, முன்செயலி என்னும் ஒரு பணியாள் வந்து இந்தப் பெயர்த்தெழுதும் வேலையைச் செய்து முடித்துவிடுவார். அவருக்குக் கணக்குத் தெரியாது. பொருள் அறியாமல் ஏட்டைப் படியெடுக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வர்க்கம்(2+3) என்று எழுதினால் அவர் 2+3 * 2+3 என்று படியெடுத்து வைப்பார், பெருக்கல் முந்திக்கொள்ளும், 25 வரவேண்டிய இடத்தில் 11 வரும். பிழை அவருடையது என்று சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தார்.

அடைப்புக்குறிக்குள் நாம் கொடுக்கும் பொருளை ஆங்கிலத்தில் ஆர்க்யுமெண்ட் என்கிறார்கள். வாதம் என்று மொழிபெயர்த்தால் தகராறு போலத் தொனிக்கிறது. இடுபொருள் என்ற சொல் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. உரத்துக்கும் விதைக்கும் வேளாண்மைத் துறையினர் வழங்கும் சொல்தான், இங்கும் பொருந்தும். இந்த இடுபொருள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதை எப்போது விரித்து எழுதுவது, எப்போது விரிக்காமல் விடுவது என்பவற்றில்தான் எங்கள் கதையின் முடிச்சு இருக்கிறது. ஏனெனில் இவ்விதிகளை எல்லாக் கம்பைலர்களும் ஒருபோலக் கைக்கொண்ட காலம் இருந்ததே இல்லை.

அதற்குக் காரணம் பிறப்பிலேயே இருக்கிறது. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, அம்மொழியின் வளர்ச்சி பற்றி 1993-இல் எழுதிய கட்டுரையில் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். பெல் ஆய்வுக்கூடத்தில் 1972, 73 வாக்கில், ஆலன் ஸ்னைடரின் தூண்டுதலும் ஒரு காரணமாக, முன்செயலி வந்து சேர்ந்தது. முதலில் அதற்குத் தெரிந்தவை இரண்டு வேலைகள்: வேறொரு கோப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது, ஒரு சொல்லுக்குப் பதிலாக மற்றொன்றை எழுதுவது. இடுபொருள் ஏற்கும் மேக்ரோக்கள் பின்னர் மைக் லெஸ்க், ஜான் ரைசர் ஆகியோர் கைவண்ணத்தில் வந்தவை. சில ஆண்டுகள் வரை நிரலின் தலைப்பில் ஒரு தனி அடையாளம் இட்டால்தான் முன்செயலி எழுந்தே வரும். மொழியின் ஓர் அங்கமாக அதை எவரும் கருதவில்லை. வேண்டுவோர் வைத்துக்கொள்ளும் துணைக்கருவி, அவ்வளவே. முன்செயலியின் இலக்கணம் மொழியோடு முழுதும் ஒட்டாமல் நிற்பதற்கும், பழைய கையேடுகளில் அதன் விளக்கம் தெளிவற்றுக் கிடப்பதற்கும் அந்த மனப்பான்மையே காரணம் என்று ரிட்சியே எழுதுகிறார். வீட்டைக் கட்டி முடித்தபின் சாய்ப்பு இறக்கியது போலத்தான்.

விதி எழுதப்படாத இடத்தில் வழக்கம் விதியாகும். ரைசரின் முன்செயலி, மேற்கோள்குறிக்குள் இருக்கும் சொற்களையும் விடாது. மேக்ரோவின் இடுபொருளுக்கு எண் என்று பெயரிட்டிருந்தால், அச்சிடுவதற்காக மேற்கோளுக்குள் எழுதிய வாசகத்தில் தற்செயலாக எண் என்ற சொல் வந்தால் அதையும் மாற்றிவிடும். இதைக் குறையென்று எண்ணியவர்கள் உண்டு; இதையே பெரும் வசதியாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அதேபோல், குறிப்புரையை அது தடமின்றி அழித்துவிடும். ஆகவே இரண்டு சொற்களுக்கு நடுவே வெறுமையான ஒரு குறிப்புரையை எழுதினால் அவ்விரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். /**/ என்ற இந்த வெற்றுக் குறிப்புரையைப் பசையாகப் பயன்படுத்தி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். வேறு கம்பைலர்களிலோ அங்கே இடைவெளி விழும்.

1983-இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1989-இல் முடித்துத் தந்த விதிநூலில்தான் இவற்றுக்கெல்லாம் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. மேற்கோளுக்குள் கைவைக்கக் கூடாது. குறிப்புரை ஒரே ஓர் இடைவெளியாகக் கருதப்படும். இடுபொருளை அப்படியே மேற்கோள் வாசகமாக்க # என்றொரு குறி. இரண்டு சொற்களை ஒட்டவைக்க ## என்றொரு குறி. இந்த இரட்டைக் குறியை நாங்கள் எங்களுக்குள் புணர்ச்சிக் குறி என்போம். நன்னூலார் சொன்ன தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் இதில் கிடையா. எல்லாம் இயல்பு புணர்ச்சியே. பழைய வழக்கத்தில் எழுதியவர்களும் கைவிடப்படவில்லை. க்னூ கம்பைலரின் முன்செயலியிடம் பழைய முறைப்படி வாசி என்று இன்றும் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த 1989 விதிநூலைப் படிக்கும்போதும் உள்ளே தையல் தெரியத்தான் செய்கிறது. காற்புள்ளியை எடுத்துக்கொள்வோம். இடுபொருள்களைப் பிரிப்பது காற்புள்ளி. பிறை அடைப்புக்குள் இருக்கும் காற்புள்ளி பிரிக்காது. அது உள்வீட்டுச் சமாசாரம். பகர அடைப்புக்குள்ளும் நெளி அடைப்புக்குள்ளும் இருந்தால்? பிரித்துவிடும். முன்செயலிக்குத் தெரிந்த உறவு பிறைகள் மட்டுமே. இதன் பலனை மொழி பல ஆண்டுகள் அனுபவித்தது. 1999-இல் நெளி அடைப்புக்குள் மதிப்புகளைக் காற்புள்ளியிட்டு எழுதி, அந்த இடத்திலேயே ஒரு பொருளைப் படைக்கும் வசதி சி மொழியில் வந்தது. அப்படி ஒன்றை, நிரலர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் அஸெர்ட் என்னும் மேக்ரோவுக்குள் எழுதினால், அது நடுவில் வெட்டுண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட இடுபொருள்கள் வந்திருப்பதாகக் குற்றச்சாட்டு எழும். எத்தனை இடுபொருள் வந்தாலும் அஸெர்ட் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றியது சி-23 என்று வழங்கும் பதிப்பு. அது வெளியானது 2024-இல்.

இடுபொருளே இல்லாமல் வெற்றிடமாக விடலாமா? 1989 விதிநூலில் அதற்கு வரையறை இல்லை. சில கம்பைலர்கள் ஏற்றன, சில முணுமுணுத்தன. 1999-இல் விடலாம் என்றானது.

இதைவிடச் சுவையானது விரித்தெழுதும் விதி. இடுபொருளே இன்னொரு மேக்ரோவாக இருந்தால், அதை முதலில் முழுவதும் விரித்து, அதன்பின் உரிய இடத்தில் வைக்கவேண்டும். ஆனால் அந்த இடத்துக்கு அருகில் # அல்லது ## நின்றால் விரிக்கக் கூடாது. வந்த கோலத்திலேயே வைக்கவேண்டும். ஒரே மேக்ரோவில் ஒரே இடுபொருள் இரண்டு இடங்களில் வந்து, ஒன்றின் அருகில் அந்தக் குறி இருந்துவிட்டால், ஓரிடத்தில் விரிந்தும் மற்றோரிடத்தில் குவிந்தும் நிற்கும். ஒரு சொல்லின் மதிப்பை மேற்கோளாக்க விரும்பி, அதன் பெயரே மேற்கோளாகிவிட்டதைக் கண்டு திகைக்காத சி நிரலர் இருக்கமாட்டார்.

அடுத்ததுதான் எங்கள் கதைக்கு நேரே இட்டுச்செல்லும் வாசல். சோடி என்பதை 1, 2 என்று வரையறுத்துக்கொள்வோம். கூட்டு(அ, ஆ) என்பது அ + ஆ. இப்போது கூட்டு(சோடி) என்று எழுதினால் இடுபொருள் ஒன்று குறைகிறது என்று கம்பைலர் மறுக்கும். இடுபொருள்களை எண்ணும் வேளையில் சோடி இன்னும் விரியவில்லை. அங்கே காற்புள்ளி ஏதும் கண்ணில் படவில்லை. நடுவில் அனுப்பு(எ) என்றொரு மேக்ரோவை வைத்து, அதன் உடலில் கூட்டு(எ) என்று எழுதி, அனுப்பு(சோடி) என்று அழைத்தால் அதே கம்பைலர் மறுக்காமல் 1 + 2 என்று தரும். முதல் வாசலில் ஒருவராக நுழைந்தவர் உள்ளே விரிந்து இருவராகிறார். மறுபடி வாசிக்கும்போது நடுவிலிருந்த காற்புள்ளி உயிர்பெறுகிறது. இது விதிப்படியே நடப்பது. விந்தையாகத் தோன்றினாலும் ஒழுங்கு உண்டு: பெயர்த்தெழுதி முடித்த வரியை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து வாசிக்கவேண்டும், அப்போது காண்பதைக் கண்டபடி கொள்ளவேண்டும்.

ஒழுங்கு முற்றிலும் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. சற்று விலகிச் சென்று அதையும் சொல்லிவிட ஆசை. அ(எ) என்பதை எ * ஆ என்றும், ஆ(எ) என்பதை அ(எ) என்றும் வரையறுத்துக்கொண்டு, அ(2)(9) என்று எழுதுங்கள். முதலில் 2 * ஆ ஆகிறது; பின்னால் நிற்கும் (9) ஆவோடு சேர்ந்து அ(9) ஆகிறது. தனக்குள் தானே வரும் மேக்ரோவை விரிக்கக் கூடாதென்பது விதி. இல்லாவிடில் முடிவே இராது. ஆனால் இந்த அ, முதல் அ-வின் உள்ளிருந்து வந்ததா, வெளியே நின்ற (9)-ஐப் பற்றிக்கொண்டு வந்ததா? உள்ளே என்றால் 2 * அ(9) என்பதே விடை. வெளியே என்றால் 2 * 9 * ஆ. இரண்டும் ஒப்புக்கொள்ளத்தக்கவை என்று விதிநூலே விட்டுவிட்டது. 1999 பதிப்பின் பிற்சேர்க்கையில், எப்படி நடக்கும் என்று குறிப்பிடப்படாதவற்றின் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. எங்களில் இலக்கண நாட்டம் மிகுந்தவர் இந்தப் பத்தியை ஒரு மாலை முழுக்க விளக்கி மகிழ்ந்தார். பின்னாளில் நடந்ததை நினைத்தால் அந்த மகிழ்ச்சி இப்போது உறுத்துகிறது.

1999 பதிப்பு, எத்தனை இடுபொருள்கள் என்று முன்கூட்டிச் சொல்லாத மேக்ரோக்களையும் அனுமதித்தது. மூன்று புள்ளிகளை இட்டுவிட்டால் போதும். வருபவை எல்லாம் காற்புள்ளிகளோடு ஒரு பொதுப்பெயரில் வந்து சேரும். வந்தவை எத்தனை என்று கேட்கத்தான் வழி இல்லை. அதற்கு நிரலர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். ஆறு இருக்கைகள் கொண்ட ஒரு பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். 5, 4, 3, 2, 1 என்ற எண்கள் அதில் அமர வரிசையாகக் காத்திருக்கின்றன. நாம் கொடுக்கும் இடுபொருள்கள் அவற்றுக்கு முன்னால் சென்று அமரும். மூன்று இடுபொருள்கள் என்றால் முதல் மூன்று இருக்கைகள் நிரம்பும். நான்காவதில் 5, ஐந்தாவதில் 4, ஆறாவதில் 3. ஆறாவது இருக்கையில் இருப்பவரின் எண்ணே விடை. இடுபொருள் ஒன்றே என்றால் ஆறாவதில் 1 வந்து அமர்வதையும் வாசகர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அழகான உபாயம். எங்கள் குழுவில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் இதைக் கொண்டுதான் பதிவு என்ற மேக்ரோவை எழுதியிருந்தார்.

நீரேற்று நிலையங்களிலிருந்து வரும் அளவீடுகளைச் சேமிப்பது அந்த மென்பொருளின் வேலை. ஒவ்வொரு முறையும் மூன்று எண்கள்: குழாயின் அழுத்தம், நீரின் ஓட்டம், மோட்டாரின் மின்னழுத்தம். பதிவு மேக்ரோ, வந்தவை எத்தனை என்று எண்ணி, அத்தனையையும் எழுதி வைக்கும். இளைஞர் தம் மேசையில் இருந்த கணினியில் எழுதினார், ஓட்டிப் பார்த்தார், மூன்றும் எழுதப்பட்டன. சேமிக்கும் சர்வரிலோ வேறொரு இயங்குதளம். அதற்கு வேறொரு கம்பைலர். அந்தக் கம்பைலர் எங்களிடம்தான் இருந்தது. நிரலை அதில் இட்டு சர்வருக்கு ஏற்றியவர்கள் நாங்கள். ஏற்றும் முன் ஒரு சோதனையும் எழுதினோம். ஒரே ஓர் எண்ணைக் கொடுத்து, அது பதிவாகிறதா என்று பார்த்தோம். பதிவாயிற்று.

திரையில் தெரியும் நடப்பு அளவீடுகள் வேறு வழியாக வருபவை. ஆகவே எவருக்கும் ஐயம் எழவில்லை. நான்காம் மாத முடிவில் ஓர் அறிக்கைக்காகச் சேமிப்பைத் திறந்தபோதுதான் அழுத்தம் மட்டும் இருந்தது. ஓட்டமும் மின்னழுத்தமும் இருக்கவேண்டிய பத்திகள் தொடக்கம் முதலே வெறுமையாகக் கிடந்தன.

அன்று மாலை அவரை அழைத்துக் கேட்டோம். தாளில் ஆறு கட்டங்கள் வரைந்து, விதிப்படி மூன்று என்றுதான் சார் வரும் என்றார். எங்களில் ஒருவர், விதி புத்தகத்தில் இருக்கட்டும், சர்வரில் ஒன்று என்று வருகிறதே என்றார். அவரிடம் அதற்குப் பதில் இல்லை. எப்படி இருக்கும்? அந்தக் கம்பைலரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. தேவையற்ற சாமர்த்தியம் என்று நாங்கள் ஒருமனதாக முடிவுகட்டினோம். வாடிக்கையாளருக்கு அனுப்பிய விளக்கக் கடிதத்தில் பிழை எந்தப் பகுதியில் நேர்ந்தது, அதை எழுதியவர் யார் என்ற விவரம் இருந்தது. எங்கள் சோதனையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுச் சென்றார். வேறு காரணங்களும் இருந்தன என்று அப்போது எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

2013-இல் வேறொரு பணிக்காக நாங்களே இடுபொருள்களை எண்ண வேண்டியிருந்தது. அதே உபாயத்தை எழுதினோம். அதே கம்பைலர். ஒன்று என்றது. இம்முறை குறைசொல்ல எவரும் இல்லாததால், முன்செயலி பெயர்த்தெழுதிய வரியை மட்டும் தனியே எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்தோம். நடந்தது அப்போதுதான் புரிந்தது. மூன்று புள்ளிகளின் வழியே வந்த இடுபொருள்களை அந்தக் கம்பைலர் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அம்மூட்டையை அடுத்த மேக்ரோவுக்குக் கைமாற்றும்போதும் அவிழ்ப்பதில்லை. உள்ளே காற்புள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்கு உயிர் இல்லை. மூட்டை முதல் இருக்கையில் அமர்கிறது. 5, 4, 3, 2 அடுத்தடுத்து அமர, ஆறாவதில் எப்போதும் 1. சோடி விரிந்து இருவரானது போல் இங்கே மூவராக விரிந்திருக்கவேண்டும் என்பதுதான் விதி. இளைஞர் தாளில் வரைந்து காட்டியது அதைத்தான்.

மருந்து மிக எளிது. திரும்ப(எ) என்றொரு மேக்ரோ. அதன் உடலில் எ என்பது மட்டும். கொடுத்ததைக் கொடுத்தபடியே தருவதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை. எண்ணும் வரியை அதற்குள் பொதிந்து வைத்தால், கம்பைலர் அந்த வரியை மறுபடி வாசிக்க நேர்கிறது. மறுவாசிப்பில் மூட்டை அவிழ்ந்து மூன்று என்று வருகிறது. அந்தக் கம்பைலரோடு மல்லுக்கட்டிய நிரலர்களிடையே ஏற்கெனவே புழங்கிவந்த கைவைத்தியம் அது. எங்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. தெரியாதது மன்னிக்கத்தக்கது, ஒரு கேள்வியும் கேட்காமல் ஒருவரின் பெயரை எழுதி அனுப்பியது வேறு.

கம்பைலரைச் செய்தவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் அல்லர். பழைய முன்செயலியின் போக்கை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் பல இருக்கையில், ஒரே நாளில் திருத்தினால் அவையெல்லாம் முறியும். பின்னர் விதிவழி நடக்கும் புதிய முன்செயலி ஒன்றையும் அவர்கள் செய்து சேர்த்தார்கள். ஆனால் பழைய நிரல்களின் பொருட்டுப் பழையதையும் உடன் வைத்திருக்கிறார்கள். காற்புள்ளி விவகாரத்தில் மற்றவர்களும் சளைத்தவர்களல்லர். மூன்று புள்ளிகளுக்கு எதுவும் வராதபோது எஞ்சி நிற்கும் காற்புள்ளியை என்ன செய்வதென்று 1999 பதிப்பு சொல்லவில்லை. ஒன்றேனும் வந்தாகவேண்டும் என்று மட்டும் சொன்னது. க்னூ கம்பைலர் புணர்ச்சிக் குறியைக் காற்புள்ளிக்குப் பின்னால் இட்டால் விழுங்கிவிடும். வேறொன்று கேளாமலே விழுங்கும். எல்லோருக்கும் பொதுவான ஒரு வழி சி பிளஸ் பிளஸ் மொழியில் 2020-இலும், சி மொழியில் சி-23 பதிப்பிலுமாக வந்தது.

உண்மை விளங்கிய வாரமே அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். மூவரும் உட்கார்ந்து நான்கு முறை திருத்தினோம். கம்பைலர் பற்றிய விளக்கம் நீண்டும், எங்கள் சோதனை பற்றிய பகுதி சுருங்கியும் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் விளக்கத்தை வெட்டிவிட்டு, சோதனையை எழுதியது நாங்கள், ஒரே எண்ணைக் கொடுத்துப் பார்த்தது நாங்கள், கடிதத்தில் உங்கள் பெயர் வந்திருக்கக் கூடாது என்று மட்டும் எழுதினோம். பழைய வாடிக்கையாளருக்கும் ஒரு திருத்தக் கடிதம் அனுப்ப நிறுவனத்திடம் கேட்டோம். முடிந்துபோன விஷயம் என்றார்கள். நாங்களும் வற்புறுத்தவில்லை.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. நலம் விசாரித்திருந்தார். அந்த மேக்ரோ நினைவிருக்கிறது என்றும், இப்போது அப்படி எழுதுவதில்லை என்றும், ஓர் எண்ணுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே எழுதிவிடுவதாகவும், பார்க்க அழகாக இராது, ஆனால் எந்தக் கம்பைலரில் இட்டாலும் ஒன்றுபோல வாசிக்கிறது என்றும் எழுதியிருந்தார்.